உங்கள் மென்பொருளில் புது வசதி கேட்டு வந்து, நீங்கள் மூடிய ஃபீச்சர் ரிக்வெஸ்ட், இன்னும் உறுத்துகிறதா?

நாலாம்வரி:
தமிழ்க் கீபோர்டு ஆப் ஒன்றைச் சும்மா ஆர்வத்தில் பராமரித்துக்கொண்டிருந்தேன். தமிழ்99 தட்டச்சு முறை இருந்தது. பழைய டைப்ரைட்டர் முறையும் வேண்டும் என்று ஒருவர் இஷ்யூ (கோரிக்கைப் பதிவு) போட்டார். உங்களுக்கே தெரியும், டைப்ரைட்டரில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். கொம்பைப் பிடித்து வைத்து, எழுத்து வந்ததும் இடம் மாற்ற வேண்டும். நடுவில் பேக்ஸ்பேஸ் தட்டினால்? யோசிக்கும்போதே தலை சுற்றியது. "இப்போதைக்குத் திட்டம் இல்லை" என்று மூடிவிட்டேன்.

மறுநாள் அந்த மூடிய இஷ்யூவிலேயே ஒரு படம். கோடு போட்ட நோட்டுத்தாளில், ஸ்கேல் வைத்து நாலு வரிசைக் கட்டம். ஒவ்வொன்றிலும் நீல மையில் ஓர் எழுத்து. கீழே, "ஞாபகத்திலிருந்து எழுதியது. பிழையிருந்தால் மன்னிக்கவும்." நான் பதிலே போடவில்லை.

சாம்பார்வாளி:
மூடியதே நல்லது சார். நான் மூடாமல் மாட்டிக்கொண்டேன். எங்கள் பில் போடும் மென்பொருளுக்கு ஒருவர் தெர்மல் பிரிண்டர் வசதியை எழுதியே அனுப்பினார். அதை மென்பொருளில் சேர்த்து மெர்ஜ் செய்தேன், எழுதிய ஆளைக் காணோம். அந்த பிரிண்டர் என்னிடம் கிடையாது. தங்கை கல்யாணப் பந்தியில் வாளியோடு நிற்கிறேன், போன்: "அண்ணா, ரூபாய் குறி வர்ற இடத்துல கேள்விக்குறி வருது, கடையில கூட்டம்." இலையில் உட்கார்ந்திருந்த மாமா என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பழையபென்குயின்:
இருவர் சொல்வதையும் ஏற்க முடியவில்லை. என் கதை சின்னது: பதினோரு பேர் டார்க் மோடு கேட்டார்கள், செய்தேன், ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை.

ஆனால் மூடுவதற்கு என்ன அவசரம்? லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமில் ஃபைல் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் சிறுபடங்கள் வேண்டும் என்று 2004-லேயே கேட்டார்கள்; 2023-இல் க்னோம் 44-இல்தான் வந்தது. "ஆள் தேவை" என்று லேபிள் போட்டுத் திறந்தே வையுங்கள். கேட்பவரிடம் என்ன ஃபீச்சர் என்று கேட்காதீர்கள், என்ன வேலை நடக்கவில்லை என்று கேளுங்கள். யாராவது நிரல் எழுதி அனுப்பினால், ஒரு வருடம் பார்த்துக்கொள்வீர்களா என்று முதலில் கேட்டுவிட்டு மெர்ஜ் செய்யுங்கள். பிரிண்டர் போன்றவற்றை, வேண்டியவர் மட்டும் சேர்த்துக்கொள்ளும் தனி பிளகினாகத் தள்ளுங்கள். முக்கியமாக, மென்பொருளில் உங்கள் போன் நம்பரைப் போடாதீர்கள்.

நாலாம்வரி:
லேபிள் எல்லாம் அப்போதே இருந்தது சார். "செய்யப்போவதில்லை" என்ற லேபிளை ஒட்டியதும் நான்தான்.