பீர் கேமில் நாங்கள் திட்டித் தீர்த்த வாடிக்கையாளர்

ஸ்டோர்ஸ் பையன்

எம்பிஏ முதல் வருடம், ஆபரேஷன்ஸ் வகுப்பு. "இன்னிக்கு பீர் கேம்" என்று சார் சொன்னதும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு. அமெரிக்காவின் எம்ஐடியில் 1960-களில் உருவான விளையாட்டு அது. பீர் தாளில் மட்டும்தான். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். பேசவே கூடாது. வாரத்துக்கு ஒரு துண்டுச்சீட்டில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். கேட்ட சரக்கு உடனே வராது, சில வாரம் கழித்துத்தான் வரும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர், கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்தால் ஒரு டாலர்.

எனக்குத் தொழிற்சாலை. முதலில் 4, 4, 4 என்று கொட்டாவி வந்தது. அப்புறம் 8, 15, ஒரு வாரம் 40! பாக்கியை அடைக்கக் கண்ணை மூடிக்கொண்டு உற்பத்தியை ஏற்றினேன். எல்லாம் வந்து குவிந்த நேரம் பார்த்து சீட்டில் பூஜ்யம். அடுத்த வாரமும் பூஜ்யம்.

முடிந்ததும் சார், "வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார், வரைஞ்சு காட்டுங்க" என்றார். நான் மலையும் பள்ளமுமாக வரைந்தேன். அவர் சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் நான்கு வாரம் 4, ஐந்தாவதிலிருந்து கடைசி வரை 8. அவ்வளவுதான். கடைக்காரனாக இருந்தவன் தலையைக் குனிந்தபடி சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இதைத்தான் புல்விப் விளைவு என்கிறார்கள். சாட்டையின் பிடி லேசாக அசைந்தாலும் நுனி சுழற்றி அடிக்குமே, அது. ஹாவ் லீ என்ற பேராசிரியரும் இன்னும் இருவரும் 1997-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. பரீட்சைக்கு நான்கையும் உருப்போட்டேன். ஆனால் அதில் ஒன்று, கிடைக்காதோ என்று பயந்து கூட்டிக் கேட்பது, இன்டர்ன்ஷிப்பில்தான் புரிந்தது.

கோவையில் ஒரு பம்ப்செட் யூனிட். ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர் 300 பேரிங் தேவைக்கு இண்டென்டில், அதாவது பர்ச்சேஸுக்கு அனுப்பும் தேவைச் சீட்டில், 500 என்று எழுதினார். ஏன் என்றேன். "தம்பி, 300 எழுதினா 200-ஆ வெட்டுவாங்க. 500 எழுதினாத்தான் 300 வரும்." மாடியில் பர்ச்சேஸ் அண்ணனிடம் கேட்டேன். "ஸ்டோர்ஸ்ல எப்பவும் கூட்டித்தானே எழுதறாங்க, அதான் வெட்டறோம்." இரண்டு பேரும் தினமும் ஒரே மேசையில் டீ குடிப்பவர்கள்!

நான் பெரிய ஃபோர்காஸ்ட் மாடல் ஒன்று போட்டு ரிப்போர்ட் கொடுத்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஒரு மேடம், "இந்த டேட்டா எங்கே எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். எல்லாம் அந்த இண்டென்ட் எண்கள்தான். பேரிங் எத்தனை ஓடுகிறது என்பதை அல்ல, பெரியவர் எவ்வளவு பயப்படுகிறார் என்பதைத்தான் மூன்று மாதமாகக் கணித்திருக்கிறேன்.

திருப்பூர் மெர்ச்சன்டைசர்

நான் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படித்தேன். இ.ஓ.க்யூ. என்றால் எனக்கு உயிர். ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913-இல் சொன்ன கணக்கு, ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறைவு என்று காட்டும். ஒரு கலர் துணிக்குக் கணக்குப் போட்டால் 640 கிலோ வந்தது. டையிங் மாஸ்டரிடம் காட்டினேன். "மெஷின் 500 கிலோதாம்மா. மிச்சம் 140-ஐ உங்க வாத்தியாரையே முக்கி எடுக்கச் சொல்லுங்க" என்றார். இரண்டு லாட்டாகப் போட்டால் ஷேடு மாறும், ஒரே சட்டையில் முன்பக்கம் ஒரு கலர், கை ஒரு கலர்.

கோபத்தோடு வீட்டில் உட்கார்ந்து 500-க்கே செலவைப் போட்டுப் பார்த்தேன். ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்த்துக் கூடியது வெறும் 3 சதவீதம். அந்தச் செலவு வளைகோட்டின் அடி தட்டையாக இருக்கும், அளவு கொஞ்சம் மாறினாலும் செலவு அதிகம் ஏறாது என்று புத்தகத்தில் ஒரே வரி இருந்தது. நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

முதலாண்டு

அண்ணா, எங்களுக்கு அடுத்த வாரம்தான் பீர் கேம். விடையைச் சொல்லிட்டீங்களே!

ஸ்டோர்ஸ் பையன்

கவலைப்படாதே தம்பி. போன வருடம் ஜூனியர்களோடு நானே கடைக்காரனாக உட்கார்ந்தேன். 8-க்கு மேல் போகாது என்று தெரியும். ஏழாவது வாரம் கையிருப்பு காலி, பாக்கி ஏறுகிறது. சீட்டில் 20 என்று எழுதித் தள்ளிவிட்டேன்.