பழைய மீன்பிடிப் படகைப் பார்க்கப் போன அனுபவங்கள்: இன்னும் மனத்தில் உறுத்தும் ஒன்றை எழுதுங்கள்

ஈரமணல்:
குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போவதற்காக 19 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய அன்று நடந்த ஒன்று இன்றும் என்னை விடவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். வெளிப்பூச்சு பளபளத்தது, தளத்தில் புதுக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள், எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. நானும் விற்பவரும் பின்புறம் நின்று எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அப்போது ஏழு வயதாக இருந்த என் மகள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு படகின் முன்முனையான அணியத்துக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஓரிடத்தில் நின்று, குதிகாலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த இடம் மட்டும் மெத்தை மாதிரி அமுங்குது" என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அதட்டினேன். கம்பளத்தின் பசை இன்னும் காயவில்லை என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மறு ஆண்டு, மீனை இழுத்துக்கொண்டிருந்த என் மைத்துனரின் கால் அதே இடத்தில் கணுக்கால் வரை உள்ளே போனது. கம்பளத்தைக் கிழித்துப் பார்த்தால், இருக்கையைப் பொருத்துவதற்காகப் போட்ட நான்கு திருகாணித் துளைகளில் எதற்கும் அடைப்புப் பசை வைக்கப்படவில்லை. அவற்றின் வழியே ஆண்டுக்கணக்கில் இறங்கிய நீரில் ஒட்டுப்பலகை ஊறி, நனைந்த அட்டையைப் போல விரலோடு பிய்ந்து வந்தது. எஞ்சினைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டுவதிலேயே இருந்த நான், படகைக் காலால் பார்க்க வேண்டும் என்பதை அறியாமல் இருந்துவிட்டேன்.

காற்றுவாக்கு:
என்னுடைய கதை சிறியது. விற்பவர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். அவர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் மூடியைத் தற்செயலாகத் தொட்டேன்; பால் ஆற்றிய பாத்திரம் போல இளஞ்சூடாக இருந்தது. "உங்களுக்காகக் கழுவி வைத்தேன்" என்றார். ஏன் ஓட்டினீர்கள் என்று கேட்டால் அவரைத் திருடன் என்று சொல்வதாகிவிடுமோ என்று நாக்கைக் கட்டிக்கொண்டேன்.

அன்று அந்த எஞ்சின் கடிகாரம் போல ஓடியது. முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பிள்ளைகள் மிதவை அங்கி அணிந்து வரிசையாக உட்கார்ந்திருக்க, நாற்பது நிமிடம் முயன்றும் அது கிளம்பவில்லை. இரண்டாம் சிலிண்டரில் அழுத்தம் மற்றவற்றைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்ததை மெக்கானிக் அளவுமானியில் காட்டினார். சூடாக இருந்தால் கிளம்பும், குளிர்ந்திருந்தால் அடம்பிடிக்கும் என்றார். என் கைக்கு அன்றே தெரிந்திருந்தது, வாய்தான் திறக்கவில்லை.

நடுக்கடல்:
முதலில் ஈரமணல் அவர்களுக்கு ஒரு மறுப்பு. தளம் அமுங்கினாலே படகு போயிற்று என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். மேல்தளப் பலகை உளுத்திருப்பது வேறு, அதற்கடியில் படகின் நீளவாட்டில் ஓடும் தாங்குசட்டங்கள் உளுத்திருப்பது வேறு. முன்னது ஒரு வாரத்து வேலை. பின்னது படகின் முதுகெலும்பு. உங்களுடையது எது என்று நீங்கள் சொல்லவே இல்லை.

எனக்கு நேர்ந்தது இரண்டு வரிதான்: மிகவும் அழகான ஒரு படகின், எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை உளியின் மரப்பிடியால் தட்டினேன், டக் டக் என்று கணீரென வந்த ஓசை எஞ்சின் தாங்கியின் அருகே தொப் என்று அடங்கியது, நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியின் மேல் ஒருவர் தம் எடையை மெல்லச் செலுத்தி அமுக்க, இன்னொருவர் பின்பலகையும் பக்கச் சுவர்களும் சேரும் மூலைகளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அங்கே மயிரிழை விரிசல் திறந்து மூடினால், அல்லது பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தால், உள்ளே மரம் இல்லை, மரத்தின் நினைவுதான் இருக்கிறது என்று கொள்ளலாம். ஈரமானியை மட்டும் நம்பிப் பேரம் பேசாதீர்கள். பூச்சுக்கு அடியில் ஒரு உலோகத் துண்டு இருந்தாலும் அது ஈரம் என்று சொல்லும். உரிமையாளர் ஒப்புக்கொண்டால், உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிறு துளையிட்டு, துரப்பணத்தில் வரும் தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிறி, உலர்ந்து உதிர்ந்தால் நல்லது, கறுத்துப் பிசுபிசுத்தால் வீட்டுக்குப் போகலாம். துளையை எப்பாக்சி வைத்து அடைக்காமல் வந்துவிடாதீர்கள், அடுத்த உளுப்புக்கு நீங்களே காரணமாவீர்கள்.

வெளிப்பூச்சில் தெரியும் விரிசல்களையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பினால் அங்கே அடி விழுந்திருக்கிறது. மூலைகளில் இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் ஓடும்போது வளைந்து நெளிகிறது. அடிப்புறத்தில் கொப்புளங்கள் இருந்து, ஒன்றை உடைத்தால் புளிக்காடி நாற்றம் வந்தால், நீர் பூச்சைத் தாண்டி இழைப்பசை வரை போய்விட்டது. எஞ்சினின் கீழே திருகியிருக்கும் துத்தநாகக் கட்டி, மற்ற உலோகங்களுக்காகத் தான் கரைந்துபோவதற்கென்றே வைக்கப்பட்டது. பல ஆண்டுகள் உப்புநீரில் ஓடிய எஞ்சினில் அது புத்தம் புதிதாக இருந்தால், ஒன்று நேற்று மாற்றியிருக்கிறார்கள், அல்லது அதன்மேல் வண்ணம் பூசி அதை ஊமையாக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்து மகிழ்ந்துபோகும் வாங்குநர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழிமுகம்:
நடுக்கடல் எழுதியதில் கியர் ஆயிலைப் பற்றி ஒன்றும் இல்லை. என் உறுத்தல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு படகைப் பார்க்கப் போனபோது, உரிமையாளரின் அனுமதியோடு எஞ்சினின் கீழ்ப்பகுதியில் கியர் ஆயிலை வடிக்கும் அடித்திருகை மெல்லத் தளர்த்தினேன். முதலில் கால் டம்ளர் அளவுக்குத் தெளிந்த நீர் வந்தது. அதன் பிறகுதான் எண்ணெய் வந்தது, அதுவும் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. பல நாள் ஓடாமல் நின்ற எஞ்சினில் நீர் அடியில் தங்கிவிடும் என்பதால் அது முதலில் வருகிறது. காரணமும் கண்ணெதிரே இருந்தது: புரொப்பெல்லரைக் கழற்றியதும் தண்டைச் சுற்றி ஒரு முழம் தங்கூசி நரம்பு இறுகிக் கிடந்தது. மீன்பிடிப் படகுகளில் இது வழக்கமாக நடப்பதுதான். அறுந்த நரம்பு சுற்றிக்கொண்டு, ஓட ஓட உள்ளே போய், எண்ணெய்க் காப்பு வளையத்தை அறுத்துவிடும். திருகின் காந்த நுனியில் பொடி மட்டும் இல்லை, நகக்கீறல் அளவுக்கு இரும்புச் சில்லுகளும் ஒட்டியிருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வெளியே வரும்போது ஓர் இளம் தம்பதியர் கைக்குழந்தையோடு உள்ளே போனார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "படகு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். விற்பவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். அந்தச் சொல்லுக்கு அவர் என்ன பொருள் கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

பழைய நங்கூரம்:
கழிமுகம் அவர்கள் மன்னிக்க வேண்டும். எண்ணெய் வெளுத்திருந்தாலே எஞ்சின் செத்துவிட்டது என்று பொருளில்லை. காப்பு வளையம் மலிவான பொருள். அழுத்தச் சோதனை செய்து, வளையத்தை மாற்றி, எண்ணெயை மாற்றி, பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்து ஓட்டும் பலரை எனக்குத் தெரியும். நீங்கள் சொன்ன இரும்புச் சில்லுகள் வேறு விஷயம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் எல்லாருமே விற்பவரை ஏமாற்றுக்காரராகவே வைத்துப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நான் விற்றவன்.

அப்பாவின் படகு அது. அவருக்கு முழங்கால் விழுந்தபின் இரண்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. பழுதுபார்த்த சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தேன், எஞ்சினை வேண்டுமென்றே குளிர்ந்த நிலையில் விட்டிருந்தேன், கருவிப்பெட்டியைக்கூடக் கொடுத்துவிடத் தீர்மானித்திருந்தேன். வாங்க வந்தவர் ஒன்றரை மணி நேரம் தட்டினார், முகர்ந்தார், ஒளி அடித்துப் பார்த்தார். கடைசியில் அணியத்தின் கீழ்ப்புறத்தைத் தடவிக்கொண்டே, "எங்கேயாவது இடித்திருக்கிறதா?" என்று கேட்டார். அவர் கை வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, எட்டு ஆண்டுகளுக்கு முன் பாறையில் மோதி, தேர்ந்த ஆளைக் கொண்டு முறையாகச் சரிசெய்த இடம் இருந்தது. "அப்பா எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவார்" என்றேன். அது உண்மை. அவர் தலையசைத்துவிட்டுப் பணத்தை எடுத்தார்.

அந்த இடத்தில் இன்றுவரை ஒரு சொட்டு நீர்கூட வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவருடைய கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை.

அலைவாய்:
எங்கள் வீட்டில் படகைப் பார்த்தவள் நான். கணவருக்கு மீன் மட்டும் போதும். இரண்டு மணி நேரம் அந்தப் படகை அங்குலம் அங்குலமாகத் தொட்டேன். மின்கம்பிகளை வளைத்துப் பார்த்தேன், நுனிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று உறையை உரித்துப் பார்த்தேன், அடிவயிற்றில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பு முதன்மைச் சுவிட்சை அணைத்த பிறகும் தானாக ஓடுகிறதா என்று மிதவைச் சுவிட்சைத் தூக்கிப் பார்த்தேன், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தளத்துக்கு அடியில் தலையை விட்டு முகர்ந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் படகில் இன்றும் குறையில்லை.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, டிரெய்லரின் வலது சக்கரக் குடத்தில் கை வைத்தேன். நான்கு விரல்களிலும் கொப்புளம். சூடான குடத்தை நீருக்குள் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூடியைத் தாண்டி நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்றும், ஒவ்வொரு முறை படகை இறக்கும்போதும் அப்படி உறிஞ்சித்தான் பேரிங் துருப்பிடித்து அரைபட்டிருக்கிறது என்றும் பழுதுபார்த்தவர் விளக்கினார். டயரின் பக்கவாட்டில் 2309 என்று இருந்ததைக் காட்டி, 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்றார். அத்தனை இடத்தைத் தொட்ட நான், படகைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு சக்கரங்களைக் கையால் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

துடுப்புக்காரர்:
என்னுடையது ஃபைபர் அல்ல, ரிவெட் அடித்த அலுமினியப் படகு. வெளியிலிருந்து நீர் உள்ளே வருமா என்று பார்ப்பதைவிட, உள்ளே நீரை நிரப்பி அது வெளியே வருகிறதா என்று பார்ப்பது எளிது. டிரெய்லர் மேல் இருந்தபடியே வடிகால் அடைப்பானைப் போட்டு, கணுக்கால் அளவுக்கு நீர் விட்டோம். அதற்குமேல் விடக்கூடாது, ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ, சிறிய படகில் ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பினாலே அரை டன் ஏறிவிடும், டிரெய்லரில் கிடக்கும் உடல் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

விற்ற பெரியவர் தம் படகு ஒழுகவே ஒழுகாது என்று உறுதியாக நம்பினார். இருவரும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ரிவெட்டின் தலையில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது. அடுத்து இன்னொன்று. அவரே சாக்கட்டியால் வட்டமிடத் தொடங்கினார், பதினான்கு வட்டங்கள். முப்பது ஆண்டுகளாக மழைநீர் என்று நினைத்து இறைத்துக்கொண்டிருந்தேனே என்றார், எனக்குச் சொல்வதுபோல இல்லை.

படகை வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை அவரே வந்து, உள்ளே கனமான இரும்பை முட்டுக் கொடுத்துப் பிடிக்க, நான் வெளியிலிருந்து ஒவ்வொரு ரிவெட்டாக அடித்து இறுக்கினேன். பதினொன்று அடங்கின, மூன்றை மாற்ற வேண்டியிருந்தது.

ஈரமணல்:
நடுக்கடல் கேட்டதற்கு விடை: தாங்குசட்டம்தான். மூன்றில் நடுச்சட்டம் முன்பகுதியில் நான்கடி நீளத்துக்கு ஃபைபர் உறை மட்டும் நிற்க, உள்ளே மரமே இல்லாமல் இருந்தது. விரலை விட்டால் கறுப்புச் சேறு ஒட்டியது. அதைச் சுற்றி ஊற்றியிருந்த மிதவை நுரையும் நீரைக் குடித்திருந்தது. வெட்டியெடுத்துச் சாக்குகளில் கட்டி, வீட்டில் இருந்த தராசில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 130 கிலோவுக்கு மேல் வந்தது. படகு மிதப்பதற்காக வைத்த பொருள் அது. புதிதாக வாங்கியபோது ஓடிய வேகம் இப்போது இல்லை என்று விற்பவர் சொன்னதை, எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று நானாகவே பொருள்கொண்டிருந்தேன். எடை மேடையில் ஒரு முறை ஏற்றியிருந்தாலே தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் அகற்றிப் புதுச் சட்டம் வைத்துச் செய்து முடிக்க ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. அந்தப் படகில்தான் இன்றும் போகிறோம்.

இந்த இழையை மகள் நேற்று படித்தாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனாம், ஒன்றைத் தவிர: அந்த இடம் அமுங்குகிறது என்று அவள் ஒரு முறை அல்ல, இரண்டு முறை சொன்னாளாம். இரண்டாவது முறை எனக்கு நினைவில்லை.