சொல்லிடை, எழுத்திடை: இரண்டுக்கும் ஒரே சொல் போதாது

வணக்கம்.

நம் அச்சு வடிவமைப்புக் கலைச்சொல் பட்டியலில், பத்தியின் இரண்டு ஓரமும் நேராக நிற்பதற்காக இடைவெளிகளை மாற்றுவதை ‘இடைவெளிச் சீராக்கம்’ என்று ஒரே சொல்லில் அடக்கலாம் என்கிறீர்கள் அண்ணை. எனக்கு உடன்பாடில்லை. சொற்களுக்கு நடுவே உள்ள இடத்தை (சொல்லிடை) மாற்றினால் தமிழ் தாங்கும். எழுத்துகளுக்கு நடுவே (எழுத்திடை) கை வைத்தால் தாங்காது.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை எதையாவது எடுத்துப் பாருங்கள். ஒடுங்கிய பத்தி. ‘அறிவிக்கப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்படுகின்றது’ என்று இரண்டு சொல்லிலேயே வரி முடிந்துவிடும். மிச்ச இடமெல்லாம் நடுவிலுள்ள அந்த ஒரே இடைவெளியில்தான் போய் விழும். இப்படி நாலு வரி அடுத்தடுத்து வந்தால் பத்திக்குள் வெள்ளை வாய்க்கால் ஓடும்.

அதை மறைக்க, வடிவமைப்பவர் எழுத்துகளையும் கொஞ்சம் விலக்கிவிடுகிறார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு (ெ), ககரம் (க), அரவு (ா) என்று மூன்று தனி உருக்கள். மென்பொருளுக்கு அவை ஒரே எழுத்து என்று தெரியாது. மூன்றுக்கும் நடுவே இடம் விடும். யுனிகோடில் அந்த மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கத் தெரிந்த செயலி என்றால் தப்பலாம். அதனால்தான் உருக்களின் இடைவெளியைக் குறிக்கும் ‘உருவிடை’ வேண்டாம், ‘எழுத்திடை’ என்கிறேன். உயிர்மெய் ஒரே எழுத்து என்று இலக்கணம் எப்போதோ சொல்லிவிட்டது. வரையறை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் தரும் தொடக்க அளவுகளும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. சொல்லிடை 80 முதல் 133 விழுக்காடு வரை போகலாம். எழுத்திடைக்குக் குறைந்தது, விரும்புவது, கூடியது என்ற மூன்று பெட்டியிலும் 0. தமிழுக்கு அந்த 0 அப்படியே இருக்கட்டும்.

சரி, வினைக்கு வருவோம். இடைவெளியைக் குறைப்பது இறுக்கல், கூட்டுவது இளக்கல். ஆணியை இறுக்கி இளக்குகிற ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இளக்குவது உருக்குவதாகப் படலாம். அவர்கள் ‘தளர்த்தல்’ என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ‘சுருக்கல், விரித்தல்’ வேண்டாம். எழுத்தின் அகலத்தையே மாற்றுகிற வேலை ஒன்று தனியாக இருக்கிறது, அதற்கு அவை தேவைப்படும்.

இன்னொன்று. இளக்குவதற்கு முன் சொல்லை முறிக்கலாமே? பனையோலை ஏட்டில் இடம் முடிந்தால் அடுத்த எழுத்து அடுத்த வரிக்குப் போகும், சிறுகோடெல்லாம் கிடையாது. பழைய அச்சு நூல்களிலும் அப்படித்தான். புள்ளி எழுத்து வரியின் முதலில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆகவே பட்டியலில் ‘சொல்முறிப்பு’ முதலிலும், ‘சொல்லிடை இளக்கம்’, ‘சொல்லிடை இறுக்கம்’ அதன் பின்னும் வரட்டும்.

குறிப்பிட்ட இரண்டு எழுத்துகள் பக்கத்தில் வரும்போது மட்டும் செய்யும் திருத்தம், அதாவது கேர்னிங், பெரும்பாலும் எழுத்துருவுக்குள்ளேயே வைக்கப்படுவது. பத்தியின் ஓரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்கு ‘இணையிடை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், மாற்றிவிடலாம்.