புதுப்பிப்பு: அம்மாவின் அட்டிகை விற்றாச்சு

அட்டிகையை ஆன்லைனில் விற்கப் போட்டதும், ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரம் பேசாமல் சம்மதித்து, க்யூஆர் கோடு அனுப்பினார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஸ்கேன் செய்யாமல் பிளாக் செய்துவிட்டேன். "பின் நம்பர் போடுங்க சார், பணம் ஏறிடும்" என்று கடைசிவரை விடவில்லை. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பரே தேவையில்லை. பின் கேட்டாலே நம் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

அடுத்து வந்தவர் இன்னும் கெட்டி. 'உங்கள் கணக்கில் வரவு' என்று எஸ்எம்எஸ் வந்தது, வங்கியின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் அனுப்பியது சாதாரண பத்து இலக்க மொபைல் எண். வங்கி ஆப்பில் பார்த்தால் இருப்பு அப்படியே இருக்கிறது. இது பலருக்குத் தெரியவேண்டும், தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியில் வாங்கியவர் நேரில் வந்தார். என் வங்கிக் கிளையிலேயே சந்தித்தோம். அவர் சொந்தக் கணக்கிலிருந்து ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை வங்கி வழியாக உடனே அனுப்பும் முறை). வேறொருவர் கணக்கிலிருந்து வந்தால் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். திருட்டுப் பணமாக இருந்தால் நம் கணக்கைத்தான் முடக்குவார்கள். பாதி ரொக்கம் தரவா என்றார், மறுத்தேன். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் ரொக்கத்தைப் பெற்றவருக்குத்தான், அதாவது விற்ற எனக்குத்தான்.

இருப்பில் தொகை ஏறியதைக் கிளை ஊழியர் உறுதி செய்த பிறகே நகைப்பெட்டியைக் கொடுத்தேன்.

யாருக்காவது ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.