சுன்னாகம் குடும்பம் (லண்டன், பாரிஸ், கனடா)

புதன் இரவு

சுதா: [படம்] [படம்] [படம்]

சுதா: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை குடிபூரல். முன் ஹோல் சுவர் இன்னும் இப்படித்தான் இருக்கு. மூடுகிற கடை ஒன்றில் மலிவாக மூன்று ரோல் வால்பேப்பர் எடுத்தோம். பூ எல்லாம் உப்பிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் ஏற்கெனவே பசை பூசியதாம், தண்ணீரில் நனைத்தால் போதுமாம். யாராவது இந்த வகை ஒட்டியிருக்கிறீங்களா? எவ்வளவு நேரம் நனைக்க வேணும்? லேபிள் பாதி கிழிந்துபோச்சு.

குகன்: அக்கா, பாலா பெரியப்பா இந்தக் குரூப்பில்தான் இருக்கிறார்

குகன்: தெரிந்துதான் கேட்டனீங்களா

வதனி சித்தி: வடிவான டிசைன் சுதா. அங்க என்ன விலை?

கௌரி மாமி: சுவரில் மூலையில் அது என்ன மண்ணிறமா?

சுதா: பழைய ஒழுக்கு மாமி. காய்ந்துவிட்டது என்று ரமணன் சொல்கிறார்.

கௌரி மாமி: ரமணன் சொன்னாரா. சரி.

குகன்: பெரியப்பா டைப் பண்ணிக்கொண்டே இருக்கிறார். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.

பாலா பெரியப்பா: சுதா பிள்ளை, நீ வைத்திருப்பதற்குப் பெயர் புளோன் வைனில். 83 கலவரத்துக்குப் பிறகு 84இல் வந்து, வட இங்கிலாந்தில் டார்வன் பக்கத்து வால்பேப்பர் ஆலையில் என்னை முதன்முதல் நிற்கவிட்ட லைனே இதுதான். முதலில் இது என்ன சாமான் என்று விளங்க வேண்டும். அடியில் கடதாசி. அதற்கு மேல் பிவிசி பிளாஸ்டிக் தூளை, அதை இளக வைக்கிற பிளாஸ்டிசைசர் எண்ணெயில் குழைத்த களி. அதற்குள் சுண்ணாம்புக்கல் தூள், வெள்ளைக்கு டைட்டானியம் டையொக்சைட். பிறகு செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மா. அதுதான் இதற்கு உயிர். அசோடைகார்பனமைட்.

சுதா: சரி பெரியப்பா. எத்தனை நிமிஷம் நனைக்க வேணும்?

பாலா பெரியப்பா: வருகிறேன் பிள்ளை. அந்த மா தனியாக இருந்தால் 200 டிகிரிக்கு மேல்தான் உடையும். அவ்வளவு சூட்டுக்குப் போனால் வைனில் மஞ்சளாகிவிடும். அதனால் கொஞ்சம் சிங்க் ஒட்சைட்டு சேர்ப்போம். அப்போது 170, 180இலேயே உடைந்து வாயுவை விடும், பெரும்பகுதி நைதரசன். களி அந்த நேரம் இளகி இழுபடுகிற பதத்தில் இருக்க வேண்டும். இருந்தால் வாயு வெளியே ஓடாமல் குமிழ் குமிழாக உள்ளேயே நிற்கும், அப்பச்சட்டியில் மா பொங்குகிற மாதிரி. மெல்லிய பூச்சு மூன்று நாலு மடங்கு தடிக்கும். அடுப்பு வாயிலால் வெளியே வந்து ஆற முதல், குளிர் உருளைக்குக் கீழே விட்டு அழுத்தினால்தான் டிசைன் பதியும். நேரம் பிந்தினால் பதியாது. கூடச் சூடானால் குமிழ்கள் உடைந்து படுத்துவிடும்.

கௌரி மாமி: அப்பம் என்றதும்தான் ஞாபகம். சனிக்கிழமை காலமை அப்பமா இடியப்பமா?

அம்மா: இடியப்பம். 60 பேருக்கு யார் நின்று அப்பம் சுடுகிறது?

வதனி சித்தி: வெம்பிளியில் ஒரு மனுசி சுட்டுக் கொடுக்கிறா என்று போன கலியாணத்தில் சொன்னவை

ராசன் சித்தப்பா: அண்ணையையே சுடச் சொல்லுங்கோ. அடுப்புச் சூடு அவருக்குத்தான் டிகிரி டிகிரியாகத் தெரியும்.

குகன்: அப்பா

ராசன் சித்தப்பா: என்ன, நல்லாத்தானே சொன்னேன்

வதனி சித்தி: பாலா அண்ணை, அந்த அசோ என்னவோ, பாணுக்குள்ளும் போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. அதுவா இது???

பாலா பெரியப்பா: அதேதான் வதனி. மாவைப் பதப்படுத்த அமெரிக்காவிலும் உங்கள் கனடாவிலும் 45 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு மாவுக்கு 45 பங்கு வரை அனுமதி. ஐரோப்பாவில் உணவுக்கு அனுமதி இல்லை.

வதனி சித்தி: ஐயோ கடவுளே

வதனி சித்தி: நான் தினமும் பாண் தின்கிறேன்

வதனி சித்தி: [பலமுறை அனுப்பப்பட்டது] பாணில் பிளாஸ்டிக்!! உங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற உடனே பகிருங்கள்

அம்மா: வதனி, நல்ல காரியம் பேசுகிற இடத்தில் இதைப் போடாதே.

பாலா பெரியப்பா: பாணில் பிளாஸ்டிக் இல்லை வதனி. பாணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரே மருந்து, அவ்வளவுதான். பயப்பட வேண்டியவர்கள் அந்தத் தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவர்கள். தூசு மூச்சுக்குள் போய்ப் பழகினால் தொய்வு வரும். 2012இல் ஐரோப்பிய இரசாயன முகமை அதைக் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்ததே அதற்காகத்தான். எங்கள் காலத்தில் முகமூடி என்று ஒரு துணித்துண்டு தந்தார்கள். கலவை அறையில் என்னோடு நின்ற குஜராத்திப் பெடியன் ஒருவன் இரவு ஷிப்டில் படியில் இருந்து இழுத்து இழுத்து மூச்சு விடுவான். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டான். லைனில் பொங்கி முடிந்த கடதாசியில் அந்த மா பெரும்பாலும் உடைந்து போயிருக்கும்.

ரமணன்: மாமா, பேப்பர் ஒட்டுகிற விஷயம்

ராசன் சித்தப்பா: அண்ணை, 89இல் என் ஈஸ்ட்ஹாம் வீட்டுக்குத் தந்த பேப்பர் மட்டும் ஏன் நடுச்சுவரில் நிறம் மாறினது? அதற்கும் ஒரு விளக்கம் இருக்கும்தானே.

பாலா பெரியப்பா: இருக்கிறது. அது செக்கண்ட்ஸ், ஆலையில் பழுது என்று கழித்த சரக்கு. சொல்லித்தான் தந்தேன். நீ காசு தரவும் இல்லை.

ராசன் சித்தப்பா: [இந்தச் செய்தி அழிக்கப்பட்டது]

குகன்: அப்பா என்ன போட்டு அழித்தனீங்கள்

கௌரி மாமி: நான் வாசித்துவிட்டேன். ராசன், மதில் கதை வேண்டாம்.

ராசன் சித்தப்பா: நான் மதில் என்று எழுதவே இல்லை. சீட்டுக்காசு என்று மட்டும்தான் எழுதினேன்.

அம்மா: இரண்டும் ஒன்றுதானே

பாலா பெரியப்பா: சுதா, நிறம் என்றதும் நினைவு வந்தது. மூன்று ரோலிலும் பேட்ச் நம்பர் ஒன்றா என்று பார். அடுப்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலே உப்புகிற உயரமும் வெண்மையும் மாறும். கடையில் தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல்லைக் காட்டும்.

சுதா: [படம்] இரண்டு ஒரே நம்பர். மற்றது வேறு.

குகன்: மலிவு என்றாலே இப்படித்தான் அக்கா

பாலா பெரியப்பா: சுவர் அகலம்?

ரமணன்: 4 மீட்டர். உயரம் 2.4.

பாலா பெரியப்பா: ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம். உனக்கு எட்டுத் துண்டு வேண்டும். பூவுக்குப் பூ பொருத்தி வெட்டினால் ஒரு ரோலில் மூன்று துண்டுதான் தேறும், நாலு எடுக்க முடியாது. ஒரே நம்பர் இரண்டு ரோலிலும் ஆறு. மிச்சம் இரண்டு துண்டு மற்ற ரோலில் வரும். அந்த இரண்டையும் ஷோகேஸ் வைக்கிற ஓரத்தில் போடு. யாரும் பார்க்கமாட்டார்கள்.

கௌரி மாமி: நான் பார்ப்பேன்

சுதா: மெத்தப் பெரிய உபகாரம் பெரியப்பா. நனைக்கிறது…?

பாலா பெரியப்பா: பசைக் கதைக்கு இப்போதுதான் வருகிறோம். ரெடி பேஸ்ட்டட் என்று சும்மா சொல்லிவிடுவார்கள், ஆலையில் எங்களைப் படுத்தின பாடு அதுதான். பசை முக்கால்வாசி மாச்சத்து, தண்ணீரில் உடனே ஊறுகிற மாதிரிப் பதப்படுத்தினது. பூஞ்சணம் பிடியாமல் இருக்க மருந்தும் சேர்த்திருக்கும். அதை எப்போது பூசுவது என்பதுதான் கேள்வி. முதலே பூசிவிட்டால், நுரை எழும்புகிற அடுப்பில் அதுவும் சேர்ந்து வெந்துபோகும், பிறகு ஊறாது. அதனால் எங்கள் லைனில் நுரை எழும்பி, டிசைன் பதிந்து, குளிர்ந்த பிறகுதான் பின்பக்கம் பூசுவோம். அங்கேயும் கண்டம். ஈரப்பசை பட்டதும் கடதாசி ஊதி ஓரம் சுருளும். காய வைக்கச் சூடு வேண்டும், ஆனால் நுரையைத் திரும்ப இளக்குகிற அளவுக்குச் சூடு கூடாது. உருளையால் அழுத்தினால் இவ்வளவு பாடுபட்டு எழுப்பின பூ சப்பையாகிவிடும். கீழே இருந்து பின்பக்கத்தை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடுகிற உருளை. சரியாகக் காயாமல் இறுக்கிச் சுற்றினால் ரோல் முழுக்க ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். திங்கட்கிழமைக் காலமை கிடங்கைத் திறந்தால் பலகையில் அடுக்கின ரோல் முழுக்க வீண். போர்மன் என்னைத்தான் பார்ப்பான்.

குகன்: வாசித்து முடியமுன் எனக்குப் பேப்பரே காய்ந்துபோச்சு பெரியப்பா

அம்மா: குகன், பெரியவருக்கு அப்படிச் சொல்லக்கூடாது

குகன்: பகிடிக்கு பெரியம்மா

சுதா: பெரியப்பா, ரோல் எல்லாம் கராஜுக்குள் வைத்திருந்தோம். அங்கே கொஞ்சம் ஈரம்.

பாலா பெரியப்பா: ஐயையோ. இப்போதே வீட்டுக்குள் எடு. நிமிர்த்தி வை, ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஓரத்தில் ஒரு சாண் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார். விரலில் வழுவழு என்று வந்தால் பசை உயிரோடு இருக்கிறது. அங்கங்கே வறண்டு நின்றால் சாதாரண வால்பேப்பர் பசை வாங்கி மேலே பூசி ஒட்டு, பாதகம் இல்லை.

ரமணன்: வெட்டிப் போட்டேன். ஒரு பக்கம் வழுக்குது. மற்றப் பக்கம் சந்தேகம்.

பாலா பெரியப்பா: அப்போ பசையும் ஒரு பக்கெட் வாங்கி வை. இனி நனைக்கிற விதம். துண்டை வெட்டி, பூ உள்ளுக்குப் போகிற மாதிரி கீழ்முனையில் இருந்து லூசாகச் சுருட்டு. மேல்முனை வெளியே வரும். சுவருக்குக் கீழே தொட்டியை வைத்து அமுக்கு. லேபிளில் நேரம் வாசிக்க முடிந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் ஒரு நிமிஷத்துக்கு மேல் விடாதே, பசை கழன்று தண்ணீரோடு போய்விடும். மேல்முனையைப் பிடித்து மெல்லத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே வடியும். நேரே சுவரில். பூவை உருளையால் தேய்க்கக்கூடாது, ஸ்பொஞ்சால் நடுவில் இருந்து ஓரத்துக்கு ஒற்று. ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. வைனிலுக்கு மேல் இந்தப் பசை பிடிக்காது. சுவிட்ச் பக்கம் வரும்போது கரண்டை நிற்பாட்டு.

சுதா: ஒரு நிமிஷம்!!! இதைத்தான் கேட்டேன்

கௌரி மாமி: அந்த மண்ணிறம்?

பாலா பெரியப்பா: கௌரி கேட்டது சரி. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மண்ணிறம் மட்டும் இல்லை, சுவர் அடியில் ஓடுகிற ஸ்கேர்ட்டிங் பலகைக்கு மேலே கறுப்புப் புள்ளி இருக்கிறது. அது பூஞ்சணம். முகப்பு முழுக்க பிளாஸ்டிக், சுவர் மூச்சு விட வழியில்லை. உள்ளே ஈரம் இருந்தால் பின்னால் மாச்சத்தும் இருக்கிறது, அதற்கு விருந்து. பசைக்குள் இருக்கிற மருந்து கொஞ்சக் காலம்தான் தாங்கும்.

ரமணன்: சேர்வேயர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை மாமா

கௌரி மாமி: சேர்வேயரும் ரமணன் மாதிரித்தான் போல

சுதா: மாமி

ரமணன்: பரவாயில்லை, சொல்லட்டும்

பாலா பெரியப்பா: ஒரு பிளாஸ்டிக் துண்டை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடு. ஒரு நாள் கழித்துப் பார். பின்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் இருந்து ஈரம் வருகிறது. அப்படி என்றால் ஒட்டாதே.

சுதா: ஒரு நாள் கழித்து என்றால் வியாழன் இரவு. வெள்ளி ஒருநாள்தான் ஒட்டக் கிடைக்கும்.

அம்மா: அந்தச் சுவரில்தானே சாமிப்படமும் குத்துவிளக்கும் வைக்கிறது. கிழக்குப் பார்த்தது அது ஒன்றுதான். ஐயருக்கும் சொல்லியாச்சு.

பாலா பெரியப்பா: தேவி, நுரை வைனிலுக்குப் பக்கத்தில் விளக்கா? சூட்டில் இளகும், புகை படிந்தால் அந்தப் பூ இடுக்குகளில் துடைக்கவே முடியாது.

அம்மா: பெரியத்தான், குடிபூரலுக்கு விளக்கு வைக்காமல் வேறு என்ன வைக்கிறது?

குகன்: எல்ஈடி விளக்கு

அம்மா: குகன்

வதனி சித்தி: இங்கே எங்கட வீட்டில் பால் காய்ச்சும்போது ஸ்மோக் அலாரம் அடித்து பயர் எஞ்சினே வந்தது. அலாரத்தைக் கழட்டி வையுங்கோ.

ரமணன்: விளக்கை ஒரு அடி முன்னுக்கு வைக்கலாம்

அம்மா: ஐயரைக் கேட்கவேணும்

பாலா பெரியப்பா: ஒரு அடி போதாது. இரண்டு அடி என்றால் சரி. அல்லது அந்தச் சுவருக்கு இப்போதைக்குப் பெயின்ட் மட்டும். வால்பேப்பரை மற்றச் சுவருக்கு.

சுதா: மற்றச் சுவரில் ஜன்னல் பெரியப்பா

கௌரி மாமி: ஒரு பட்டுச்சேலையைத் தொங்கவிட்டால் முடிந்தது. எண்பதுகளில் பிரான்சில் எல்லாரும் அதுதான் செய்தனாங்கள்.

ராசன் சித்தப்பா: இந்த முறை கௌரி சொல்வது எனக்குச் சரி

பாலா பெரியப்பா: நான் நேரில் வந்து பார்க்காமல் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலமை பிரெஸ்டனில் ஏறினால் மத்தியானம் யூஸ்டனில் இறங்கிவிடுவேன். தொட்டியும் ஸ்பொஞ்சும் கொண்டு வருகிறேன். யாராவது ஏற்ற வந்தால் நல்லம்.

சுதா: ரமணன் வேலை. குகன்?

குகன்: வெள்ளி எனக்கு ஷிப்ட் அக்கா. அப்பா சும்மாதான் இருக்கிறார்.

கௌரி மாமி: [இரண்டு கண்கள்]

ராசன் சித்தப்பா: நான் வாறன். தொட்டி காருக்குள் ஏறுமா?

பாலா பெரியப்பா: ஏறும். மடித்தால் இரண்டடி.

ராசன் சித்தப்பா: சரி. ஆனால் யூஸ்டனில் இருந்து ஹரோ வரும்வரைக்கும் மதில் கதை இல்லை.

பாலா பெரியப்பா: நான் தொடங்கமாட்டேன். ஆனால் அது சீட்டுக்காசில் கட்டின மதில் இல்லை, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ராசன் சித்தப்பா: தொடங்கியாச்சு

சுதா: பிளாஸ்டிக் ஒட்டிவிட்டேன். [படம்]

கௌரி மாமி: இன்னும் கொஞ்சம் கீழே ஒட்டு, கறுப்புக்கு மேலே

வதனி சித்தி: பாணுக்குப் பதிலாக இனி என்ன சாப்பிடுகிறது, யாராவது சொல்லுங்கோ

அம்மா: இடியப்பம் 300க்குச் சொல்லவா 350க்குச் சொல்லவா? மனுசி நாளைக்குக் காலமைக்குள் கேட்கிறா.