ஹாமில்டன் பக்கம் நிலம் வாங்கி அல்பாக்கா வளர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு

நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து ஹாமில்டனுக்கு மாறி வந்திருக்கும் தம்பியும் அவர் மனைவியும் கேட்டிருந்தார்கள்: ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கரில் ஒரு லைஃப்ஸ்டைல் பிளாக் (வீட்டோடு சேர்ந்த சின்னப் பண்ணை நிலம்), கொஞ்சம் அல்பாக்கா, ஒரு காய்கறித் தோட்டம், பிள்ளைகளுக்கு ஓடியாட இடம். இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டே இதெல்லாம் முடியுமா?

முடியும். நானும் என் கணவரும் ஹாமில்டனைச் சுற்றியுள்ள வைகாட்டோ பகுதியில் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் ஏக்கர் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு காலண்டரை எடுத்து இருவரும் உட்காருங்கள். எந்த மாதம் யார் பகலில் வீட்டில் இருக்க முடியும், எந்த மாதம் ஊருக்குப் போவீர்கள், அத்தை மாமா எப்போது வருவார்கள் என்று குறியுங்கள். இந்த வாழ்க்கையில் சிக்கல் வருவதெல்லாம் அங்கேதான்.

முதலில் சட்டம். 2018-இல் வெளிநாட்டு முதலீட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, வொர்க் விசாவில் இருப்பவர்கள் பொதுவாக இங்கே வீடோ லைஃப்ஸ்டைல் நிலமோ வாங்க முடியாது. ரெசிடென்ட் விசா கைக்கு வந்து, ஒரு வருடம் இங்கேயே வாழ்ந்து, அதில் 183 நாளாவது நாட்டுக்குள் இருந்து, வரியும் இங்கேயே கட்டுபவராக இருக்க வேண்டும். வாங்கும் முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அதுவரை ஊருக்கு வெளியே வாடகைக்கு இருந்து பார்ப்பது மிக நல்ல யோசனை. செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி, கரண்ட் போனால் பம்பும் ஓடாமல் தண்ணீரும் நின்றுபோவது, இதெல்லாம் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தால்தான் புரியும்.

சரி, அல்பாக்காவுக்கு வருகிறேன்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிராணி, ஒட்டகத்தின் உறவு, ரோமத்துக்காக வளர்ப்பது. நியூசிலாந்துக்கு 1980-களில்தான் வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற கால்நடை என்று நான் நம்பிக்கையோடு சொல்வேன். பால் கறக்க வேண்டாம், தினமும் இடம் மாற்றிக் கட்ட வேண்டாம். குளம்பு இல்லை, அடியில் மெத்தென்ற பாதம், அதனால் மழைக்காலத்தில் நிலம் மாடு மிதித்தது போலச் சேறாகாது. மந்தை முழுக்க ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும். நல்ல புல் இருந்தால் ஒரு ஏக்கருக்கு நான்கைந்து தாங்கும். ஆனால் தனியாக ஒன்றை மட்டும் வளர்க்கவே கூடாது, ஏங்கிப்போய்விடும். குறைந்தது இரண்டு வேண்டும், மூன்று இருந்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: காயடித்த ஆண் அல்பாக்கா மூன்று வாங்குங்கள். பெட்டை வேண்டாம், குட்டி வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். காயடித்தவை விலை குறைவு, சாது, பிள்ளைகள் பக்கத்தில் போகலாம். புட்டிப்பால் கொடுத்துத் தனியாக வளர்த்த ஆண் குட்டி என்று யாராவது ஆசையாகக் காட்டினால் மட்டும் வாங்காதீர்கள். மனிதரோடே வளர்ந்த ஆண், பெரிதானதும் மனிதரையே எதிரிக் கிடாவாக நினைத்து முட்டித் தள்ளும். அதன்பின் அதைத் திருத்துவது மிகக் கடினம்.

குட்டி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், சினைக்காலம் கிட்டத்தட்ட பதினொன்றரை மாதம், அதோடு பிரசவம் பெரும்பாலும் பகலில்தான் நடக்கும், காலையிலிருந்து மதியம் தாண்டும் வரைக்குள். குளிர் மலையில் பிறந்த குட்டி இருட்டுவதற்குள் உலர்ந்து எழுந்து நிற்க வேண்டும் இல்லையா, அந்த வழக்கம். நீங்கள் இருவரும் ஆபீசில் மீட்டிங்கில் இருக்கும் நேரம் அது.

எங்கள் வீட்டில் முதல் குட்டி பிறந்தபோது என் மாமியார் தேனியிலிருந்து வந்து தங்கியிருந்தார். ஆடு வளர்த்த கை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒன்று மட்டும் மேயாமல் சும்மா சும்மா புழுக்கைக் குவியலுக்குப் போய்வருகிறது என்று எனக்குப் போன் செய்தார். நான் வந்து சேரும்போது மூக்கும் இரண்டு முன்னங்கால்களும் வெளியே தெரிந்தன. தாய் நின்றபடியே ஈன்றது. மற்றவை எல்லாம் சுற்றி வந்து 'ம்ம்' என்று முனகிக்கொண்டே குட்டியை முகர்ந்தன. "என்னம்மா இது, நக்கவே மாட்டேங்குது?" என்று அத்தை பதறினார். ஆடு மாடு போல அல்பாக்கா குட்டியை நக்காது, அது அதன் இயல்பு. குளிர்காற்று அடித்ததால் துண்டால் துடைத்துவிட்டோம். இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து மடியைத் தேடி முட்டி, சீம்பால் குடித்துவிட்டது. அதுவரை எங்களில் யாரும் வாசலை விட்டு அசையவில்லை. பகலில் இப்படிக் காவல் இருக்க ஒரு ஆள் உங்கள் வீட்டில் உண்டு என்று உறுதியானால், அப்போது பெட்டையைப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது ஊருக்குப் போகும் விஷயம். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய இடி. பள்ளி விடுமுறை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை, அங்கே தை மாதக் கல்யாணங்கள். எல்லோரும் அப்போதுதான் டிக்கெட் போடுவோம். வைகாட்டோவில் அதே ஜனவரியிலிருந்து மே வரை ஃபேஷியல் எக்ஸிமா என்ற கால்நடை நோயின் காலம். வெதுவெதுப்பான இரவும் ஈரமும் சேர்ந்தால், ரைகிராஸ் புல்லின் அடியில் கிடக்கும் சருகில் ஒரு பூஞ்சை பெருகும். அதன் வித்தில் இருக்கும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். ஆடு மாட்டுக்கும் வரும், அல்பாக்காவை மிக எளிதில் சாய்த்துவிடும். முகத்தில் தோல் வெந்தது போலத் தெரியும்போது உள்ளே கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதனால் வந்தபின் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செய்ய வேண்டியது கடினமானதல்ல, விடாமல் செய்ய வேண்டியது. புல்லை ஒட்ட மேயவிடாமல் அடுத்த பேடக்குக்கு (வேலி போட்ட மேய்ச்சல் துண்டு) மாற்றுங்கள், வைக்கோலும் கொடுங்கள். தீவனத்தில் துத்தநாகம் சேர்ப்பார்கள், ஆனால் அதிகமானால் அதுவே விஷம், எனவே எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும். வித்து எண்ணிக்கையை ஏரியா வாரியாக வாராவாரம் வெளியிடுகிறார்கள், அந்தப் பருவத்தில் அதைப் பார்ப்பது பழக்கமாகட்டும். ஆறு வாரம் குடும்பத்தோடு போய்விட்டு, யாரோ ஒருவர் தண்ணீர் மட்டும் பார்த்துக்கொள்வார் என்று விடக்கூடிய மாதங்கள் அல்ல இவை. நாங்கள் ஊருக்குப் போவதை ஜூலை விடுமுறைக்கு மாற்றிக்கொண்டோம். தவிர்க்க முடியாத கல்யாணம் என்றால் ஒருவர் போகிறார், ஒருவர் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோடு மாற்றி மாற்றி உதவிக்கொள்ளும் பழக்கம் இங்கே உண்டு. அவர்கள் பயணம் போகும்போது அவர்களுடைய ஆட்டை நீங்கள் பாருங்கள், நீங்கள் கேட்காமலே அவர்கள் வருவார்கள்.

மற்ற வேலைகளுக்கு நாள் முன்பே தெரியும். ரோமம் வெட்டுவது வருடத்துக்கு ஒருமுறை, நவம்பர் டிசம்பர் வாக்கில். மூன்று அல்பாக்காவுக்காக மட்டும் வெட்டுபவர் தனியாக வருவது கஷ்டம், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஒரே நாளில் வையுங்கள். கால்களைக் கயிற்றால் நீட்டிக் கட்டி, துப்பாமலிருக்க வாயில் ஒரு பழைய சாக்ஸை மாட்டி, ரோமத்தோடு நகத்தையும் பல்லையும் அன்றே சரிசெய்துவிடுவார்கள். முதுகு ரோமத்தைக் கழுத்து, கால் ரோமத்தோடு கலக்காமல் தனிப் பையில் போடுங்கள், நூற்பதற்கு அதுதான் உதவும். குளிர்காலத்தில் வெயில் போதாமல் எலும்பு பலவீனமாகும், முக்கியமாகக் குட்டிகளுக்கும் கறுப்பு நிறத்தவைக்கும். அதற்கு வைட்டமின் டி கொடுக்க வேண்டும். வேலியில் முள்கம்பி இருந்தால் நிலம் வாங்கிய வாரமே எடுத்துவிடுங்கள்.

பின்னூட்டத்தில் தங்கை ஒருவர் தோட்டம் பற்றிக் கேட்டிருந்தார். விதையை ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள் அம்மா. ஏர்போர்ட்டில் சொல்லாமல் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். கத்தரி, மிளகாய் விதையெல்லாம் இங்கேயே கிடைக்கின்றன. அக்டோபர் கடைசியில் வரும் லேபர் டே வார இறுதிதான் தக்காளி நடும் நாள் என்று இங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்கள். உறைபனி போய்விட்டதா என்று பார்த்து நடுங்கள். வெண்டையும் புடலையும் டனல் ஹவுஸுக்குள்தான் (பிளாஸ்டிக் கூரை போட்ட செடிக்கூடம்) சரிப்படும். கறிவேப்பிலை தொட்டியில் இருக்கட்டும், மே மாதம் இங்கே குளிர் தொடங்கும்போது வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். வெளியே ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். அல்பாக்கா புழுக்கை அதிகச் சூடில்லாத எரு, பூசணிக்கும் பழமரத்துக்கும் நேராகவே போடலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு மட்டும் மக்கவைத்த பிறகு. பாட்டிங் மிக்ஸ் (தொட்டிச் செடிக்கான மண் கலவை) மூட்டையைப் பிரிக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள், நனைத்துவிட்டுக் கிளறுங்கள். அதில் லெஜியோனெல்லா கிருமி இருக்கலாம், நுரையீரலுக்கு ஆபத்து. வயதானவர்களை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

பூஜைக்கு என்று அரளி வைக்க ஆசைப்படுவீர்கள். வேண்டவே வேண்டாம். அரளி இலை கொஞ்சம் தின்றாலே கால்நடை செத்துவிடும். ரோடோடென்ட்ரானும் அப்படியே. வெட்டிய கிளையைப் பக்கத்து வீட்டார் அன்பாக வேலிக்கு மேல் போட்டாலும் உடனே அள்ளிவிடுங்கள். செம்பருத்தி வையுங்கள், போதும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றில் வசந்தகாலத்தில் பெட் டே நடக்கும், பிள்ளைகள் தாங்களே வளர்த்த ஆட்டுக்குட்டியையோ கன்றுக்குட்டியையோ கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்காகக் காலையில் புட்டிப்பால் கொடுக்க எழும் பிள்ளையை நீங்கள் எழுப்பவே வேண்டியிருக்காது. வந்த புதிதில் யாரோடும் பேசாத என் மகள் அந்த நாளில்தான் வகுப்போடு ஒட்டினாள். எனக்கு இந்த வாழ்க்கையில் மிகப் பிடித்தது அதுதான்.

வாங்கும் முன், ஜூன் மாதம் ஹாமில்டன் பக்கம் மிஸ்டரி கிரீக்கில் நடக்கும் ஃபீல்டேஸ் விவசாயக் கண்காட்சிக்கு இருவரும் போங்கள், வேலி, தொட்டி, தீவனம் எல்லாம் விலையோடு ஒரே இடத்தில் பார்க்கலாம். நிலத்தையும் அதே மாதம், மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கோடையில் பச்சையாகத் தெரியும் பேடக், ஜூனில் தண்ணீர் தேங்கி நிற்கலாம். கவுன்சிலில் லிம் ரிப்போர்ட் (அந்த நிலத்தைப் பற்றி கவுன்சிலிடம் உள்ள தகவல்களின் அறிக்கை) வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தம்பி, கேம்பிரிட்ஜ் பக்கமா, டெ அவாமுட்டு பக்கமா, எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் ரோமம் வெட்டுபவர் எந்த வாரம் வருகிறார் என்று விசாரித்துச் சொல்கிறேன்.