கேன்டரில் குதிரை விறைத்துக்கொள்கிறது, எனக்கும் மூச்சு அடைக்கிறது. உதவுங்கள்

மழைக்காலன்: ஞாயிறு சவாரி வகுப்புக்குள் பதில் வேண்டும். ட்ராட் (துள்ளுநடை) வரை குதிரை அருமையாகப் போகிறது. கேன்டர் (அடுத்த வேகமான தாவல் ஓட்டம்) கேட்டதும் தலையைத் தூக்கி முதுகை விறைத்துக்கொள்கிறது, அரைச் சுற்றிலேயே ட்ராட்டுக்கு விழுந்துவிடுகிறது. எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. என்ன செய்யலாம்?

வெண்பரி: என்ன குதிரை, என்ன வயது? இரண்டு பக்கமும் இப்படியா? மூச்சில் சத்தம் வருகிறதா? இதெல்லாம் சொல்லாமல் எப்படி?

கோவை செல்வி: சேணத்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் கர்த் பட்டைதான் காரணம், வேறு எதுவும் இல்லை. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது, நெஞ்சுக்கூடு முழுவதும் முன்கால்களுக்கு நடுவே தசையில்தான் தொங்குகிறது. அந்த இடத்தில் போய் இறுக்கிக் கட்டினால் தோள் எப்படி முன்னே நீளும்? பக்கவாட்டில் விரல் விட்டுப் பார்க்காதீர்கள், மார்பெலும்புக்குக் கீழே விட்டுப் பாருங்கள்.

ராஜாளி: தம்பி, உட்காரப் பழகாமல் கேன்டருக்கு ஓடினால் இப்படித்தான் ஆகும். பட்டையை விடுங்கள். கேன்டர் கேட்கிற நொடியில் நீங்கள் மூச்சைப் பிடிக்கிறீர்கள், இடுப்பு பூட்டிக்கொள்கிறது. குதிரைக்கு அது ‘நில்’ என்று சொல்வதுதான். லஞ்ச் கயிற்றில் (நடுவில் ஒருவர் பிடித்துக் குதிரையைச் சுற்றவிடும் நீளக் கயிறு) லகான் இல்லாமல் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடுங்கள், பாடுகிறவரால் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் படிக்கலாம்.

நிலா (கால்நடை மருத்துவம்): ட்ராட்டில் சரி, கேன்டரில் மட்டும் சிக்கல் என்பதைக் கவனியுங்கள். கேன்டரில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுதான்: முன்பக்கம் எழும்போது உள்ளே, முன்கால் எடையைத் தாங்கும்போது வெளியே. ட்ராட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. தாவல் குறுகினால் மூச்சும் குறுகும், அப்புறம் விறைக்கத்தான் செய்யும். நோஸ்பேண்ட், அதாவது மூக்கைச் சுற்றிக் கட்டும் பட்டை, எவ்வளவு இறுக்கம்?

ராஜாளி: குதிரை வாயால் மூச்சு விடுவதே இல்லை, மூக்கால் மட்டும்தான். நோஸ்பேண்டுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

நிலா: இருக்கிறது சார். கீழே இறக்கிக் கட்டினால் நாசியின் மென்பகுதியையே அழுத்தும். அதைவிட முக்கியம் நாக்கு. நாக்கடி எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் தோளுக்கும் தசைகள் இறங்குகின்றன, தாடை பூட்டினால் தோளும் சேர்ந்து பூட்டும்.

ராஜாளி: பழைய காலத்தில் இறுக்கிக் கட்டித்தான் ஓட்டினோம், எந்தக் குதிரையும் செத்துப்போகவில்லை.

கோவை செல்வி: சாகாமல் இருப்பதுதான் அளவுகோலா? இழை எங்கேயோ போகிறது, கேட்டவரைக் காணோம்.

மழைக்காலன்: மன்னிக்கவும், வேலை. கிண்டியில் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), பெரிய உயரம். பட்டையை ஒரு துளை தளர்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே கேன்டர் கேட்டேன். முழுச் சுற்றும் வந்தது, கழுத்தைக்கூட நீட்டியது. ஆனால் சத்தம் இருக்கிறது, விசில் மாதிரி.

நிலா: மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா? விடும்போது மூக்குமடல் படபடத்தால் கவலை இல்லை. இழுக்கும்போது விசில் என்றால் குரல்வளையின் இடப்பக்கம் சரியாகத் திறக்காமல் இருக்கலாம், உயரமான தரோபிரெட்களில் அது அரிதல்ல. டாக்டர் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுப் பார்க்கட்டும், அதுவரை கேன்டர் வேண்டாம். ஓடும்போது வரும் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து அவரிடம் காட்டுங்கள்.

வெண்பரி: நோஸ்பேண்ட் பார்த்தீர்களா இல்லையா?